ஒரு வரியில் இறந்துபோன பிள்ளை

ஹென்றி லோசனின் 'மந்தையோட்டியின் மனைவி' என்ற சிறுகதையில் ஒரு பிள்ளை இறந்துபோகிறது. புருஷன் வீட்டில் இல்லாத நாளில் இறக்கிறது. இறந்த பிள்ளையையும் சுமந்துகொண்டு தாய் குதிரையில் 19 மைல் போகிறாள், உதவி கேட்டு. அவ்வளவுதான். ஆணா பெண்ணா, எத்தனை மாதம், என்ன வருத்தம், எங்கே புதைத்தார்கள் என்று ஒன்றுமில்லை. அடுத்த வரியில் நேரம் சொல்லப்படுகிறது, நள்ளிரவு தாண்டிவிட்டது என்று. பிறகு அடுப்பு நெருப்பு. பிறகு நாய். நாய்க்கு அலிகேட்டர் என்று பெயர் உண்டு. அதன் அழகின்மை, பழைய சண்டைகளின் தழும்புகள், பாம்புகளோடு அதற்குள்ள பகை எல்லாவற்றுக்கும் இடம் உண்டு.

கதை வெளிவந்தது 1892 ஜூலையில், சிட்னியின் 'புலெட்டின்' பத்திரிகையில். அவுஸ்திரேலியாவில் பள்ளிக்கூடம் போன அநேகருக்கு இது தெரியும். எங்களில் பலருக்குத் தெரிந்திருக்காது என்பதால் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். காட்டு நடுவில் மரப்பலகையடித்த இரண்டு அறை வீடு. புருஷன் ஆட்டு மந்தைகளை ஓட்டிக்கொண்டு மாதக்கணக்காகத் தூரதேசம் போய்விட்டான். தாயும் நான்கு பிள்ளைகளும் நாயும். ஒரு பாம்பு வீட்டுக்கு அடியில் நுழைந்துவிடுகிறது. பிள்ளைகளை மேசைமேல் படுக்கவைத்துவிட்டு அவள் இரவு முழுக்கத் தடியோடு விழித்திருக்கிறாள். அந்த இரவில் அவளுடைய நினைவுகளாகக் காட்டுத்தீ, வெள்ளம், மதங்கொண்ட காளை, வழிப்போக்கர்களின் மிரட்டல் எல்லாம் வருகின்றன. விடியும்போது பாம்பு சாகிறது. மூத்த மகன், தான் ஒருநாளும் மந்தையோட்டப் போகமாட்டேன் என்று தாய்க்குச் சொல்கிறான்.

நான் இந்தக் கதையை முதலில் வாசித்தது சிட்னி மேற்கில் புதிதாக வந்தவர்களுக்கு நடந்த ஓர் ஆங்கில வகுப்பில். பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடத்தோடு நின்றுபோன படிப்புக்குப் பிறகு நான் கால்வைத்த வகுப்பு அதுதான். பகலில் வகுப்பு, பின்னேரம் றெஸ்ரோறண்டில் கோப்பை கழுவல். ஆசிரியை நல்ல மனுஷி. இந்தப் பெண்ணிடம் நீங்கள் காணும் குணம் என்ன, ஒரு சொல்லில் சொல்லுங்கள் என்றார். துணிவு என்றார் ஓர் ஈரானியர். துணிவு என்றார் ஒரு சூடானியப் பெண். நானும் அதையே எழுதிக்கொடுத்துவிட்டு வேலைக்கு ஓடினேன். அன்றிரவு எண்ணெய்ச் சட்டிகளைச் சுரண்டிக்கொண்டு நிற்கையில்தான் எனக்கு அந்த வரி திரும்பி வந்தது. செத்துப்போன பிள்ளைக்கு என்ன உதவி? உயிரோடு இருந்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வைத்தியரிடம் ஓடினால் அது உதவி தேடுதல். இறந்த பிறகு எதைக் கேட்டு 19 மைல் போனாள்?

அந்த 19 மைல் கதையில் இரண்டு தடவை வருகிறது. ஆரம்பத்திலேயே லோசன் சொல்லிவிடுகிறார்: மனித நடமாட்டம் என்று சொல்லக்கூடிய மிகக் கிட்டிய இடம் 19 மைல் தள்ளி, பெருந்தெருவில் உள்ள ஒரு சாராயக் கொட்டில். ஆகவே அவள் போய்ச் சேர்ந்த இடம் அதுவாகத்தான் இருக்கவேண்டும். இங்கே வென்ற்வேர்த்வில்லிலிருந்து சென்ட்ரல் ஸ்ரேசனுக்கு உள்ள தூரத்தை நினைத்துக்கொள்ளுங்கள், ஏறக்குறைய அவ்வளவு. அங்கே குடித்துக்கொண்டிருந்தவர்களிடம் போய்ப் பிள்ளையைக் காட்டியிருப்பாள். அவளுக்கு வேண்டியிருந்தது வைத்தியம் அல்ல, சாட்சி என்று எனக்குப்படுகிறது. இப்படியொரு பிள்ளை இருந்தது, இன்னார் பெற்றது, இன்றைக்கு இறந்தது என்று இன்னொரு மனிதக் கண் காணவேண்டும். நியூ சவுத் வேல்ஸில் பிறப்பு இறப்பை அரசாங்கம் பதியத் தொடங்கியது 1856 மார்ச்சில். இறப்புப் பதிவில் தகப்பன் பெயரும் தாய் பெயரும் கேட்பார்கள். லோசனின் கதை அந்தக் கேள்விகளைக் கேட்கவில்லை.

லோசன் கேட்காததற்கு அறியாமை காரணமாக இருக்கமுடியாது. அவருடைய வீட்டிலேயே ஒரு பிள்ளை இருந்தது. தாய் லூயிசாவுக்கு 1877இல் இரட்டைப் பெண்பிள்ளைகள் பிறந்தன. ஒருத்தி கேர்ட்றூட், வளர்ந்து பெரியவளானாள். மற்றவள் எட்டு மாதத்தில் இறந்துபோனாள். அப்போது ஹென்றிக்குப் பத்து வயது. தகப்பன் தங்கம் தோண்டவும் வேறு கூலி வேலைகளுக்கும் என்று அடிக்கடி வெளியே போய்விடுகிறவர். தாய் துக்கத்தில் மூழ்கிக் கிடக்க, மற்றப் பிள்ளைகளைப் பார்க்கும் பாரம் மூத்தவன் தலையில் விழுந்தது என்று எழுதுகிறார்கள். அந்தக் குழந்தையின் பெயரைத் தேடப்போனால் ஓரிடத்தில் டீகன் என்று இருக்கிறது, தாய் பாடிய இரங்கற்பாவின் தலைப்பில் நெட்டி என்று இருக்கிறது. எட்டு மாதம் வாழ்ந்ததற்கு இரண்டு பெயர். மந்தையோட்டியின் மனைவி சுமந்து போனது இந்தப் பிள்ளையைத்தான் என்று நான் வாதாட வரவில்லை. கதைகள் அப்படி நேர்கோட்டில் பிறப்பதில்லை. ஆனால் அந்த வரியை எழுதிய கை, அப்படியொரு சவத்தை வீட்டில் பார்த்த பையனின் கை.

அந்தப் பிள்ளையின் பூர்வீகத்தைக் கொஞ்சம் பார்ப்போம். தகப்பன் நீல்ஸ் லார்சன், நோர்வேயின் தென்கரையில் அரெண்டால் பட்டினத்துக்குப் பக்கத்துத் தீவில் பிறந்த கப்பல்காரன். 1855இல் மெல்பேர்ண் துறைமுகத்தில் இறங்கித் தங்கம் தேடிப் போனவன். இந்த ஊர் வாய்க்கு லார்சன் நுழையவில்லை, லோசன் ஆயிற்று. (எங்களுடைய பெயர்கள் இங்கே படும் பாட்டை எழுதினால் அது தனிக் கட்டுரை.) தாய் லூயிசா, மட்ஜிப் பக்கத்தில் 1848இல் பிறந்தவர்; ஹென்றி அல்பரி, ஹரியற் வின் என்ற தம்பதியின் பன்னிரண்டு பிள்ளைகளில் இரண்டாவது. பின்னாளில் 1888இல் 'டோன்' என்ற பெண்கள் பத்திரிகையை நடத்தி, அதைப் பெண்களையே வைத்து அச்சுக்கோத்து, வாக்குரிமைக்குப் போராடியவர் இதே லூயிசாதான். 1920இல் இறந்து றூக்வூட்டில் அடக்கம் செய்யப்பட்டார். எங்களுடைய சனங்களைத் தகனம் செய்ய நாம் போய்வருகிற அதே றூக்வூட். ஆக, எட்டு மாதம் வாழ்ந்த ஒரு பெண்பிள்ளைக்குப் பின்னால் வடகடல் இருக்கிறது, தங்க வயல் இருக்கிறது, ஓர் அச்சுக்கூடம் வரப்போகிறது. மகனின் வரலாற்றை எழுதியவர்கள் இதையெல்லாம் தோண்டி எடுத்தார்கள், மகனுக்காக. அதே வேர்தான் இவளுக்கும். இவளுக்காக யாரும் தோண்டவில்லை.

இந்த நாட்டில் வம்சம் தேடுவது ஒரு பெரிய பொழுதுபோக்கு. ஒரு காலத்தில் கைதிக் கப்பலில் வந்த பாட்டனை ஒளித்தார்கள். இப்போது அப்படியொரு பாட்டன் கிடைத்தால் விருந்து வைக்கிறார்கள். எங்கள் றெஸ்ரோறண்டுக்கு வரும் ஒரு கிழவர் தன்னுடைய வம்ச விருட்சத்தைக் கடதாசியில் வரைந்து எனக்குக் காட்டியிருக்கிறார். கீழே அவர், மேலே கிளைகிளையாக நூறு பேர். சில கிளைகளின் நுனியில் சின்னதாக ஒரு சிலுவை மட்டும். சிசுவாக இறந்தவர்கள் என்றார். அவர்களிடமிருந்து யாரும் இறங்கி வரவில்லை, ஆகவே அவர்களிடம் யாரும் ஏறிப்போவதுமில்லை. வம்சம் தேடுகிறவன் எப்போதும் தன்னைத்தான் தேடுகிறான். தனக்குப் பின் ஒருவரையும் விட்டுப்போகாத குழந்தையின் முன்னோரைத் தேடினால் யாருக்கு என்ன இலாபம்?

இந்தக் கேள்வியோடு, லோசனின் கதையைத் திருப்பி எழுதியவர்களிடம் போனேன். அவர்கள் பலர். றஸல் ட்றைஸ்டேல் 1945இல் அதே தலைப்பில் ஓர் ஓவியம் வரைந்தார். வெறும் நிலத்தின் முன்னால் பெரிய உடம்போடு ஒரு பெண். அந்த ஓவியத்திலிருப்பவள் தன்னைவிட்டுப் போன மனைவி என்று ஒரு பல்வைத்தியன் சொல்வதாக மறே பெய்ல் 1975இல் கதை எழுதினார். ஃபிராங் மூர்ஹவுஸ் 1980இல் எல்லாவற்றையும் கிண்டலடித்து ஓர் இத்தாலிய மாணவனின் ஆராய்ச்சிக் கட்டுரையாக எழுதினார். சிரிக்கலாம். பார்பரா ஜெஃபரிஸ் அதே வருடம் அந்தப் பெண்ணையே பேசவைத்தார். றயன் ஓநீல் 2018இல் 99 விதமாகத் திருப்பி எழுதினார். கெட்டிக்காரத்தனங்கள் நிறைய. எனக்கு வேண்டியது லியா பேர்செலிடம்தான் கிடைத்தது.

பேர்செல் ஆதிக்குடிப் பெண், நடிகை. சிறுவயதில் தாய் இந்தக் கதையைத் தனக்கு வாசித்துக் காட்டியதையும் அந்தப் பழைய புத்தகத்தையும் பற்றிப் பல இடங்களில் பேசியிருக்கிறார். அவருடைய நாடகம் 2016இல் சிட்னி பெல்வோ அரங்கில் மேடையேறியது. அடுத்த வருடம் விக்ரோரிய மாநிலத்தின் பெரிய இலக்கியப் பரிசைப் பெற்றது. பிறகு அவரே அதை 2019இல் நாவலாக எழுதினார், படமாகவும் எடுத்தார். படம் இங்கே 2022இல் திரைக்கு வந்தது. லோசனில் பெயரில்லாத பெண்ணுக்கு மொலி ஜோன்சன் என்று பெயர் வந்தது. அந்த ஒற்றை வரிப் பிள்ளை, பேர்செலிடம் இறந்தே பிறக்கிற பிள்ளையாக எங்கள் கண்முன்னால் பிறக்கிறது. அதைப் புதைக்கிற காட்சி உண்டு. அருகில் நிற்பவன் யடாகா என்ற ஆதிக்குடி மனிதன், வெள்ளையர்கள் தேடுகிற ஆள். அவன்தான் மொலிக்கு அவளுடைய தாய் யாரென்று சொல்கிறான்: கறுப்பு மேரி.

இங்கே கொஞ்சம் நிற்கவேண்டும். கறுப்பு மேரி பேர்செல் கண்டுபிடித்த ஆள் அல்ல, லோசனின் கதையிலேயே இருப்பவள். மந்தையோட்டியின் மனைவி தனியே பிரசவ வேதனையில் கிடந்தபோது வந்து பிள்ளைப்பேறு பார்த்த ஆதிக்குடிக் கிழவி அவள். அவளைப் புகழவந்த லோசனுக்கு அவளுடைய மனதை வெண்மை என்று சொல்லத்தான் தெரிந்திருக்கிறது. அந்த மேரி வந்துபோன உடனேயேதான், மூச்சுவிட இடமில்லாமல், பிள்ளை இறந்த அந்த வரி வருகிறது. லோசன் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார், இணைக்கவில்லை. பேர்செல் இணைத்தார். மருத்துவிச்சியாக வந்தவளைத் தாயாக்கினார். ஆகவே இறந்த பிள்ளைக்குப் பேத்தி முறையோ பேரன் முறையோ வந்துவிட்டது. நிலம் வந்துவிட்டது. காலியான காடு என்று லோசன் வர்ணித்த இடம் அந்தக் குழந்தையின் சொந்த ஊராகிவிட்டது. விமர்சனம் என்ற பெயரில் நான் வாசித்த எதுவும் மூலக்கதையை இப்படித் திறந்ததில்லை.

அதோடு ஆதிக்குடி மக்களுக்கு வம்சம் தேடுவது பொழுதுபோக்கு அல்ல. பிள்ளைக்கு யாருடைய இரத்தம் என்று பார்த்துப் பார்த்தே அரசாங்கம் பிள்ளைகளைப் பறித்துக்கொண்டுபோன நாடு இது. 1997இல் வந்த 'வீட்டுக்கு அழைத்து வருதல்' அறிக்கை அதைத்தான் பதிந்தது, 2008 பெப்ரவரியில் பாராளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார்கள். இன்னாருடைய பிள்ளை என்று அறிந்துகொள்வதற்கே ஆயுளைச் செலவழித்தவர்கள் இங்கே இருக்கிறார்கள்.

ஆனாலும் எனக்கு ஒரு மனத்தாங்கல். பேர்செலின் பிரதியிலும் அந்தக் குழந்தை ஒரு சான்றாகத்தான் வருகிறது. லோசன் அதைத் தாயின் துணிவுக்குச் சான்றாக வைத்தார். பேர்செல் தாயின் பூர்வீகத்துக்குச் சான்றாக வைக்கிறார். இரண்டாவது எவ்வளவோ மேல். நியாயமும்கூட. என்றாலும் குழந்தை புதைந்த பிறகு கதை மொலிக்கும் உயிரோடு இருக்கும் பிள்ளைகளுக்கும் போய்விடுகிறது, போகத்தான் வேண்டும். இறந்த குழந்தைக்கு வம்சம் கிடைத்தது. வம்சத்தின் பயன் மற்றவர்களுக்கு.

இதைச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை என்று கேட்கலாம். எங்களுடைய எழுத்தை எடுத்துக்கொள்வோம். புறநானூற்றிலே சேரமான் கணைக்கால் இரும்பொறை பாடியதாக ஒரு பாட்டு உண்டு. குடியில் பிள்ளை இறந்து பிறந்தாலும், உருவில்லாத தசைப்பிண்டமாகவே பிறந்தாலும், அதுவும் ஆள்தான் என்று வாளால் வெட்டித்தான் அடக்கம் செய்வார்களாம். வீரப் பெருமைக்கு மேற்கோள் காட்டியே பழகிவிட்டோம். கொஞ்சம் நிதானித்து வாசித்தால் அங்கே நடப்பது ஒரு பதிவு: இதுவும் எங்கள் குடிப் பிள்ளை என்று வாளால் எழுதிய பிறப்புப் பத்திரம். அதுவும்கூடக் குடியின் மானத்துக்காக. யாழ்ப்பாணத்தில் வயது போனவர் இறந்தால் முப்பத்தோராம் நாளுக்குக் கல்வெட்டு அடிக்கிறோம். திதி வெண்பாவிலிருந்து தந்தைவழி, தாய்வழி, கொண்ட இடம், கொடுத்த இடம் என்று ஊரையே அச்சில் ஏற்றிவிடுகிறோம். சிசுவுக்குக் கல்வெட்டில்லை, அந்தியேட்டி இல்லை, எரிப்பதுமில்லை, புதைத்துவிட்டு வருவோம். எங்களுடைய போர்க்காலக் கதைகளிலோ குழந்தைகள் கும்பலாக இறக்கின்றன. இடம்பெயர்ந்த வழியில் இத்தனை, பதுங்குகுழியில் இத்தனை. நானும் அப்படி இரண்டு கதை எழுதி ஒன்று அச்சிலும் வந்தது. குழந்தை செத்தால் வாசகர் அழுவார் என்று எனக்குத் தெரிந்திருந்தது. அந்தக் குழந்தை யாருடையது என்று எனக்கே தெரியாது.

என்னுடைய விசாரணை நாளில் கேட்டார்கள், உடன்பிறந்தவர்கள் எத்தனை பேர் என்று. இரண்டு பேர், என்னோடு மூன்று என்றேன். படகில் வந்தவனுடைய வழக்கு எப்படி இழுபடும் என்பது இந்தப் பத்திரிகை வாசகர்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. பிறகொரு சமயம் அம்மா ஊரிலிருந்து கொடுத்த சத்தியக் கடதாசியில் தான் நான்கு பிள்ளை பெற்றவள் என்று இருந்தது. முரண்பாடு. நாலாவது ஆள் யார், எங்கே இருக்கிறார், இயக்கத்திலா என்று கேட்டார்கள். ஒரு தங்கச்சி, ஏழு மாதத்தில் இறந்துவிட்டாள் என்றேன். பெயர் என்ன என்றார்கள். எனக்குத் தெரியவில்லை. வீட்டில் பபா என்றுதான் கூப்பிட்டோம். மொழிபெயர்ப்பாளர் என்னை நிமிர்ந்து பார்த்ததை இப்போதும் மறக்கமுடியாது.

அன்றிரவு வேலை முடிந்து போன் எடுத்தேன். அம்மா வேறொன்றும் கேட்கவில்லை.

"நீ ஏன் மூண்டெண்டு சொன்னனி? நான் நாலு பெத்தனான்."

"இருக்கிற ஆக்களைத்தான் கேட்கினம் எண்டு நினைச்சன் அம்மா."

"அவள் இருந்தவள்தானே."

1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமம் முழுக்க வெளிக்கிட்ட அந்த மழையில் அம்மா பிள்ளைத்தாய்ச்சி. எனக்கு எட்டு வயது. தங்கச்சி பிறந்தது சாவகச்சேரியில் ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில். பிறகு கிளாலிக் கடல் தாண்டி வன்னி; 1996இல் கிளிநொச்சிச் சண்டைக்குள் அங்கிருந்தும் வெளிக்கிட்டு அக்கராயன். அங்கே காய்ச்சலில் போய்விட்டாள். பிறப்பும் பதியவில்லை, இறப்பும் பதியவில்லை; அலுவலகமும் எங்களோடு சேர்ந்து இடம்பெயர்ந்துகொண்டிருந்தது. அப்பா ஒரு பாலை மரத்தடியில் புதைத்தார். அந்த மரம் இப்போது இல்லை.

அவளுடைய பூர்வீகத்தை அம்மாவிடம் கேட்டுக் கேட்டு ஒரு கொப்பியில் எழுதியிருக்கிறேன். ஞாயிறுகளில் போனில் அரை மணித்தியாலம். அப்பாவின் பாட்டன் வல்வெட்டித்துறையில் பாய்க்கப்பலில் போனவர், ஒருமுறை போனவர் திரும்பவில்லை. அப்பாவின் தாய் இரண்டாந்தாரம். அம்மாவின் தகப்பன் கொக்குவிலில் சுருட்டுச் சுற்றினவர்; கொட்டிலில் ஒருவர் பேப்பர் வாசிக்க மற்றவர்கள் கேட்டபடி சுற்றுவார்களாம், என்னுடைய வாசிப்புப் பைத்தியம் அங்கிருந்து வந்தது என்பது அம்மாவின் கட்சி. அம்மாவின் தாய்க்கும் ஒரு பிள்ளை தவறியது என்று போன மாதம்தான் சொன்னார். அதற்குப் பெயர் வைக்கவில்லையாம், முப்பத்தொன்று கழியமுன்னமே போய்விட்டது. அதையும் எழுதினேன். இதெல்லாம் எனக்கும் பொருந்துகிற பூர்வீகம்தான். ஆனால் கொப்பியின் முதற்பக்கத்தில் நான் எழுதியிருப்பது என்னுடைய பெயரை அல்ல.

தங்கச்சிக்கு வைத்த பெயரையும் அம்மா சொன்னார். இந்தக் கட்டுரையில் அதைப் போடுவதாகத்தான் இருந்தேன். லோசனைக் குறை சொல்லிவிட்டு நானும் அதையே செய்யக்கூடாது அல்லவா. அச்சுக்குக் கொடுக்கமுன் அம்மாவிடம் ஒரு சொல்லுக் கேட்டேன்.

"பேரைப் பேப்பரில போடாதை. அது நாங்கள் கூப்பிட வைச்ச பேர்."

லூயிசா தன்னுடைய பிள்ளையின் பெயரைத் தலைப்பிலேயே வைத்தார். மகன் அதை எழுதாமல் விட்டது அசட்டையால் என்றுதான் இதுவரை நினைத்திருந்தேன். இப்போது அவ்வளவு நிச்சயமாகச் சொல்ல வரவில்லை. அந்தக் கதையை இன்னொருமுறை வாசிக்கவேண்டும்.